நஷ்டத்தில் ஓடும் கம்பெனி ஆராய்ச்சிக்குக் கடன் வாங்கலாமா? ராணிப்பேட்டை நண்பருக்கு ஒரு பதில்

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் பதனிடும் ரசாயனம் தயாரிக்கும் சிறு கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறார். வருடம் 9 கோடி விற்பனை. மூன்று வருடமாக நஷ்டம், போன வருடம் மட்டும் 60 லட்சம். வெளியே படித்துவிட்டு வந்திருக்கும் சின்ன முதலாளி, "அமேசான் எத்தனை வருஷம் நஷ்டத்துல ஓடுச்சு தெரியுமா? இப்பத்தான் ஆராய்ச்சியில அள்ளிப் போடணும்" என்கிறாராம். வாலாஜா பக்கம் இருக்கும் குடும்ப நிலத்தை அடமானம் வைத்து 1.2 கோடி கடன் வாங்கி லேப் போட்டு, ஆறு புது ஆராய்ச்சிகளில் இறங்கத் திட்டம். பெரியவர் வாயே திறக்கவில்லை. "நஷ்டத்தில் இருக்கிற கம்பெனி ஆராய்ச்சிக்கு இவ்வளவு போடலாமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆராய்ச்சி நல்லதா கெட்டதா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. நிலப் பத்திரம் பாங்குக்குப் போவதற்கு முன்னால் சின்ன முதலாளியிடம் என்ன கேட்பது, அதை வேலைக்கு ஆபத்தில்லாமல் எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். எட்டு வருடம் பாங்கில் சிறுதொழில் கடன் பிரிவில் ஃபைல் பார்த்தேன். அப்புறம் பத்தொன்பது வருடமாக ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்து டேனரிகளுக்கும் (தோல் பதனிடும் ஆலைகள்) ரசாயனக் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுகிறேன். கெமிஸ்ட் இல்லை. மருந்துக் கம்பெனி, மென்பொருள் கம்பெனி இரண்டும் என் அனுபவத்துக்கு வெளியே. அங்கே பத்து வருடம் விற்பனையே இல்லாமல் ஆராய்ச்சி மட்டும் செய்வதும் நடக்கும். 2010இல் தொடங்கிய மாடர்னா மருந்துக் கம்பெனி முதல் தடவையாக வருட லாபம் பார்த்தது 2021இல். அந்தக் கதையை வைத்து நமக்கு எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே போட்ட பணம் பெரும்பாலும் பங்குப் பணம். தோற்றால் போகும், அவ்வளவுதான். யார் வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்ட மாட்டார்கள்.

முதலில் அமேசானை முடித்துவிடுவோம், உங்கள் ஆபீசில் அந்தப் பெயர்தான் ஆயுதமாக இருக்கிறது. 1994இல் தொடங்கிய கம்பெனி முழு வருட லாபம் காட்டியது 2003இல்தான். சின்ன முதலாளி சொல்வது உண்மை. ஆனால் அந்த நஷ்டத்தைத் தாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? வாடிக்கையாளர் கார்டில் அன்றைக்கே பணம் கட்டிவிடுவார், புத்தகம் கொடுத்த பதிப்பாளருக்கு அமேசான் சில வாரம் கழித்துக் கொடுக்கும். இடையில் இருக்கும் அத்தனை நாளும் அடுத்தவர் பணம் கையில் சுழலும். அதோடு, பங்குச்சந்தை சரிவதற்குக் கொஞ்சம் முன்னால், 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன்பத்திரம் விற்றுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டார்கள். அப்படியும் 2001 ஜனவரியில் 1,300 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது உங்கள் கம்பெனியைப் பாருங்கள். மூலப்பொருள்காரருக்கு 30 நாளில் கொடுக்கிறீர்கள். டேனரிக்காரர்கள் 90 நாள் என்று பேசி 140 நாளில் தருகிறார்கள். இது நீங்களே எழுதியது. அமேசானைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கிறது. விற்பனை கூடக் கூட அமேசானுக்குக் கையில் பணம் சேரும், உங்களுக்குக் கையில் இருப்பதும் போகும். எனவே லேபிலிருந்து நல்ல பொருள் ஒன்று வந்து விற்பனை ஏறினாலும், முதல் வருடம் உங்கள் பணமுடை கூடத்தான் செய்யும். இதைச் சின்ன முதலாளி யோசித்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பல பெரிய முதலாளிகளே யோசிப்பதில்லை.

அடுத்து நஷ்டம் என்ற சொல். ஆராய்ச்சிக் கட்டத்துச் செலவை அந்த வருடச் செலவாகவே எழுத வேண்டும் என்பது கணக்குத் தரநிலை. பொருளைச் செய்து முடிக்க முடியும், விற்க முடியும், அதற்குப் பணமும் இருக்கிறது என்று நிரூபிக்க முடிந்த பிறகு செய்யும் மேம்பாட்டுச் செலவைத்தான், நிபந்தனைகளோடு, சொத்தாகக் காட்டலாம். அதனால் ஆராய்ச்சி அதிகம் செய்யும் சில கம்பெனிகள் காகிதத்தில் நஷ்டமாகத் தெரியும். ஆராய்ச்சிச் செலவை எடுத்துவிட்டுப் பார்த்தால் அடித்தொழில் நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட கம்பெனி ஆராய்ச்சியைத் தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் கம்பெனி இதுவரை ஆராய்ச்சிக்கு ஒரு பைசா செலவு செய்யாமலேயே 60 லட்சம் நஷ்டம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர இரண்டும் வேறு நோய். (சில இடங்களில் லேப் சம்பளத்தையெல்லாம் சொத்தில் ஏற்றி நஷ்டத்தைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். கடன் ஃபைல் பார்க்கிற பையன் முதலில் தேடுவதே அதைத்தான். நான் அந்தப் பையனாக இருந்தவன்.)

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் தந்த விவரப்படி 100 ரூபாய்க்கு விற்றால் ரசாயனம், பேக்கிங், லாரி வாடகை போக 22 ரூபாய் மிஞ்சுகிறது. 1.2 கோடி கடனை 10.5 சதவீத வட்டியில் 5 வருடத்துக்குப் போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 2.58 லட்சம். இரண்டு கெமிஸ்ட், ஒரு உதவியாள், கரண்ட், சோதனைக்கு வாங்கும் தோல் என்று மாதம் 1.5 லட்சமாவது ஆகும். ஆக மாதம் 4 லட்சத்துக்கு மேல், வருடத்துக்கு 49 லட்சம். 22 சதவீத மிச்சத்தில் இந்த 49 லட்சத்தை எடுக்க வேண்டுமானால் வருடத்துக்குக் கூடுதலாக 2.2 கோடி விற்க வேண்டும். இப்போதுள்ள 60 லட்சம் நஷ்டம் அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் போகாமல் இருக்கத்தான் இவ்வளவும். இந்த நஷ்டமும் அடைபட வேண்டும் என்றால் கூடுதல் விற்பனை 5 கோடியை ஒட்டிப் போகும். 9 கோடிக் கம்பெனிக்கு இது சின்ன விஷயமா என்பதைச் சின்ன முதலாளியே சொல்லட்டும்.

இதே கம்பெனியின் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 9 கோடியை 365ஆல் வகுத்தால் ஒரு நாள் விற்பனை சுமார் 2.47 லட்சம். பேசிய 90 நாளுக்கு மேல் டேனரிகளில் நிற்கும் 50 நாள் பாக்கி மட்டும், ஜிஎஸ்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலே, 1.23 கோடி. நிலத்தை அடமானம் வைத்து வாங்கப்போகும் தொகை அது. சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கறாராகக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். முழுவதும் வராது. பாதி வந்தாலும் வட்டியில்லாத பணம்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இதே தொழில், இதே சிப்காட், கொஞ்சம் பெரிய கம்பெனி. நஷ்டம் தொடங்கிய இரண்டாவது வருடம் லேப் போட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் "செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்" என்று பலகை. உள்ளே, தோலை ரசாயனத்தோடு சுழற்றிப் பார்க்க எஃகில் சின்ன ட்ரையல் ட்ரம், சாயம் அளக்கிற கருவி ஒன்று மட்டும் 9 லட்சம். மூன்று எம்எஸ்சி பிள்ளைகள். குரோம் இல்லாமல் பதனிடும் பவுடர் ஒன்றைச் செய்தார்கள். பொருள் மோசமில்லை. அந்த ஆட்டுத்தோலை என் கையில் கொடுத்தார்கள். தொழில் தெரியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது, அவ்வளவு மெத்தென்று இருந்தது.

அப்புறம்தான் கதை. மேல்விஷாரத்தில் ஒரு டேனரி மாஸ்டரிடம் கொண்டுபோனோம். தோலை மடித்து, இழுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "சரக்கு நல்லாத்தான் கீது. ஆனா என் பையர் பட்டியல்ல இது இல்லியே" என்றார். பையர் என்றால் அவரிடம் தோல் வாங்குபவர், பட்டியல் அந்த பையர் ஒப்புக்கொண்ட ரசாயனங்களின் பட்டியல். அவர் முதலில் 50 தோலுக்கு ட்ரையல் போடுவார். நன்றாக வந்தால் ஒரு முழு ட்ரம். அந்தத் தோலை எடுத்து வைத்து நாள்பட மஞ்சளிக்கிறதா என்று பார்ப்பார். அதன்பின் ஷூ கம்பெனிக்கு மாதிரி போகும், அவர்கள் தங்கள் லேபில் சோதிப்பார்கள், அங்கிருந்து பிராண்டுக்காரர் சம்மதம் வர வேண்டும். ட்ரையலுக்குச் சரக்கு இலவசம். ட்ரம்மில் தோல் கெட்டால் நஷ்டஈடும் நம் தலையில். பதினான்காவது மாதம் கையில் பணம் தீர்ந்தது. தவணை 90 நாள் தாண்டியது, பாங்கில் கணக்கு வாராக்கடன் ஆனது. 9 லட்சம் கருவி 1.75 லட்சத்துக்குப் போனது. ஃபார்முலா பாதி நோட்டில் இருந்தது, பாதி மூத்த கெமிஸ்ட் தலையில் இருந்தது. அந்தத் தலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

அவர்கள் ஆராய்ச்சியில் தோற்கவில்லை. ஆராய்ச்சி முடிந்த இடத்துக்கும் முதல் பில் போடுகிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்குப் பணம் எடுத்து வைக்கவில்லை. லேபுக்கு ஒரு ரூபாய் என்றால் அதற்கப்புறம் இரண்டு ரூபாய் வேண்டும் என்பது நான் பார்த்த நாலைந்து கம்பெனிகளை வைத்துச் சொல்வது, விதி இல்லை. உங்கள் திட்டத்தில் அந்த இரண்டு ரூபாய்க்கு ஒரு வரிகூட இல்லை.

இதைப் படித்துவிட்டு "நஷ்டத்தில் ஆராய்ச்சியே கூடாது" என்று நான் சொல்வதாகச் சின்ன முதலாளியிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவர் அமேசானைச் சொன்னால் நீங்கள் ஏஎம்டியைச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சிப் செய்யும் கம்பெனி. 2012 முதல் 2016 வரை ஐந்து வருடம் தொடர்ந்து நஷ்டம், 2015இல் மட்டும் 66 கோடி டாலர். அந்தக் காலத்தில்தான் ஜென் என்ற புது வடிவமைப்பை அடியிலிருந்து செய்தார்கள், 2017இல் ரைசன் சிப்பாக வந்தது, கம்பெனி பிழைத்து எழுந்தது. நஷ்டத்தில் ஆராய்ச்சி செய்து ஜெயித்தவர்கள் என்று இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆண்டறிக்கையைப் புரட்டினால் வேறு ஒன்று தெரியும். அதே வருடங்களில் அவர்களின் மொத்த ஆராய்ச்சிச் செலவு குறைந்திருக்கிறது. 2012இல் சுமார் 135 கோடி டாலர், 2015இல் சுமார் 95 கோடி. 2012இல் வாங்கிய சர்வர் தொழிலை 2015இல் மூடினார்கள். ஆஸ்டின் நகரத்துச் சொந்த வளாகத்தை 16.4 கோடி டாலருக்கு விற்று, அதிலேயே வாடகைக்கு உட்கார்ந்தார்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிகளுக்குச் சிப் செய்து கொடுத்து வந்த பணத்தில் அடுப்பு எரிந்தது. மற்றதையெல்லாம் வெட்டி, ஒன்றே ஒன்றை மட்டும் வெட்டாமல் காப்பாற்றினார்கள்.

அதுவும் பலித்ததால் நாம் பேசுகிறோம். இதே மாதிரி ஒன்றில் எல்லாவற்றையும் வைத்துக் காணாமல்போனவர்களின் ஆண்டறிக்கையை யாரும் புரட்டுவதில்லை. ஆகவே ஏஎம்டி செய்தது சரி என்பதற்கு இது சாட்சி ஆகாது, செய்த விதம் எப்படி என்பதற்கு மட்டும் சாட்சி. செலவழிக்கும் தொகையின் அளவு காப்பாற்றாது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2010இல் நோக்கியா ஆராய்ச்சிக்குச் செலவழித்தது ஏறக்குறைய 590 கோடி யூரோ. அதே வருடம் ஆப்பிள் சுமார் 180 கோடி டாலர். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் பூட்டியபோது நம் பக்கத்துப் பிள்ளைகளும்தான் வீடு திரும்பினார்கள்.

இனி, நஷ்டம் ஏன் வந்தது என்ற கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம், உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி இரண்டே வரி. டேனரிகளுக்கே ஆர்டர் குறைந்ததால் நஷ்டம் என்றால் லேப் மருந்தாகாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது ஆம்பூரில் ஆர்டர் நின்றதே, அதை எந்தக் கெமிஸ்ட் சரிசெய்வார்? கடன் பாக்கி, கைவிட்டுப் போன விலை, குடும்பச் செலவு கம்பெனிக் கணக்கில் ஏறுவது, இவற்றால் நஷ்டம் என்றாலும் ஆகாது, ஓட்டைக் குடத்தில் இன்னொரு குடம் ஊற்றுகிற வேலை. பொருளே காலாவதி ஆகிக்கொண்டிருக்கிறது, சந்தையின் கதவு மூடுகிறது என்றால் மட்டும் ஆராய்ச்சி மருந்து. அப்போது அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

நம் ஜில்லாவுக்கு இது புதிது இல்லை. 1989 கடைசியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தபோது, பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதைப் போட்டுக்கொண்டிருந்த தோல் ஷாப்புகள் எல்லாம் மாற்று தேடி அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமான சிஎல்ஆர்ஐக்கு ஓடின. 1994இல் அசோ சாயங்களில் சிலவற்றுக்குத் தடை வந்தது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு இல்லையென்றால் டேனரியே இல்லை என்றாயிற்று. 2015 மே முதல் ஐரோப்பாவில் தோல் பொருளில் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறிணை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் லாபத்தில் இருந்தவர், நஷ்டத்தில் இருந்தவர் என்று பார்க்காமல் எல்லோரும் மாற வேண்டியிருந்தது. அது கடையைத் திறந்து வைப்பதற்கான செலவு. வளர்ச்சி, எதிர்காலம் என்று யாரும் அப்போது பேசவில்லை.

சின்ன முதலாளியின் ஆறு திட்டங்களில் ஒன்று அந்த வகை என்று எனக்குத் தோன்றுகிறது. பிஸ்பினால் என்ற ரசாயனம் இல்லாத சின்டான், அதாவது தோல் பதனிட டேனரிகள் போடும் செயற்கைப் பொருள். பிஸ்பினாலில் ஒரு வகையான பிஸ்பினால் எஸ் 2023 ஜனவரியில் ஐரோப்பாவின் மிகுந்த கவலைக்குரிய பொருள்கள் பட்டியலில் ஏறிவிட்டது. உங்கள் விற்பனையில் பெரும்பங்கு சின்டான். பையர்கள் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்களா என்று உங்கள் பெரிய ஐந்து டேனரிகளில் விசாரித்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கேட்கிறார்கள் என்றால் அந்த ஒன்றுக்குப் பணம் போடத்தான் வேண்டும். மீதி ஐந்தையும் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

வரிச் சலுகையை நம்பி இறங்க வேண்டாம். சொந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒரு காலத்தில் 200 சதவீதம் வரிக் கழிவு இருந்தது, அதாவது 100 ரூபாய் செலவுக்கு 200 ரூபாயை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2017 ஏப்ரலில் 150 ஆயிற்று, 2020 ஏப்ரலிலிருந்து வெறும் 100. லாபமே இல்லாதவருக்குக் கழிவு இப்போது எதற்கு? நஷ்டத்தை 8 வருடம் முன்னெடுத்துப் போகலாம், பிழைத்திருந்தால். ஆஸ்திரேலியாவில் சிறு கம்பெனி நஷ்டத்தில் இருந்தாலும் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை அரசு பணமாகவே திருப்பித் தரும். இணையத்தில் படிக்கிற அறிவுரை பல அங்கிருந்து வருவது. மத்திய அரசு 2025 ஜூலையில் ஒப்புதல் தந்த 1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதுவும் அடிப்படையில் நீண்டகாலக் கடனும் பங்கு முதலீடுமாக, சோதனை நிலையைத் தாண்டிய பெரிய திட்டங்களுக்கானது. 9 கோடிச் சின்டான் கம்பெனி வரிசையில் எங்கே நிற்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கட்டடம் கட்ட மாட்டேன். சிஎல்ஆர்ஐ கட்டணத்துக்குச் சோதனை செய்து தருகிறது, கம்பெனிகளோடு சேர்ந்து திட்டமும் எடுக்கிறது. காட்பாடியில் விஐடியில் கருவி வசதி வெளியாருக்கு உண்டா, என்ன கட்டணம் என்று ஒரு நடை போய் விசாரிப்பேன். ஒரு கெமிஸ்ட், ஒரு பழைய ட்ரையல் ட்ரம், எட்டு மாதம், 15 லட்சம், அதுவும் பாக்கி வசூலில் வந்த பணம். நாலாவது மாதம் 50 தோல் ட்ரையல் முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தம், அந்த வரியைத் தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். தொடங்கிய பிறகு யாரும் நிறுத்த விடமாட்டார்கள். போட்ட பணம் பேசும்.

இன்னொன்று, உடனே காசு தருகிற ஆராய்ச்சியும் உண்டு. வழக்கமான முறையில் ட்ரம்மில் போடும் குரோமில் 60, 70 சதவீதம்தான் தோல் பிடிக்கும், மிச்சம் கழிவுநீரில் போகும். நான் கணக்கு பார்த்த ஒரு டேனரி, மோசமான வருடத்தில், அந்தக் கழிவுநீரை மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து, மறுபடி ட்ரம்முக்கே அனுப்பக் கற்றுக்கொண்டது. மூன்று மாதம் அளவு பிடிபடவில்லை, சாயம் திட்டுத்திட்டாக விழுந்தது. மேஸ்திரி தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அதை அவர்கள் ஆராய்ச்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை. குரோம் பில் இறங்கியது. உங்களிடம் 64 பொருள் இருக்கிறது என்கிறீர்கள். எதில் பேட்ச் அடிக்கடி திரும்பி வருகிறது, எது 22 ரூபாய் தருகிறது, எது 6 ரூபாய்கூடத் தரவில்லை என்று பொருள்வாரியாகப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளோடு சின்ன முதலாளியிடம் போங்கள், வெறுங்கையோடு போய் "ரிஸ்க் சார்" என்று சொல்லாதீர்கள். பெரியவரும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அவர் பேசாமல் இருப்பது சம்மதம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்ன முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். பிஸ்பினால் இல்லாத முதல் 25 கிலோ மூட்டையை எந்த டேனரி மாஸ்டர் தன் ட்ரம்மில் போடச் சம்மதித்திருக்கிறார்? ஒரு பெயர் வந்தால் இங்கேயே மறுபடி எழுதுங்கள், 15 லட்சத்தை மாதவாரியாகப் பிரித்துப் போட்டுத் தருகிறேன். பெயர் வரவில்லை என்றால் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.